முன்பணமும் மனமாற்றமும்: முதலியார்சாவடிக் கரையில் வீட்டு உடன்படிக்கையின் வரலாறு

பேசி முடித்த வீட்டை வேண்டாம் என்று சொல்வதற்கு, பெரிய முதலியார்சாவடிக் கரையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாக விலை வைத்திருந்தன. இந்த ஊர் இன்று விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. அன்று தென்னார்க்காடு, அதாவது ஆங்கிலேயர் சீமை. தெற்கே கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் முத்தியால்பேட்டை, அது புதுச்சேரி. வடக்கே பொம்மையார்பாளையத்தைத் தாண்டினால் காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி. இரு பக்கமும் பிரெஞ்சுச் சட்டம், நடுவில் ஆங்கிலச் சட்டம். உப்பு விஷயத்தில் இரண்டு அரசுகளும் 1815-லேயே உடன்பாட்டுக்கு வந்துவிட்டன: பிரெஞ்சுப் பகுதியின் உப்பு வாணிப உரிமையை ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய்க்கு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆனால் மனைக்கும் வீட்டுக்கும் அப்படி எந்த உடன்பாடும் வரவில்லை. நிலம் எந்தப் பக்கம் கிடந்ததோ, அந்தப் பக்கத்துச் சட்டமே அதை ஆண்டது.

பின்வாங்குதல் என்ற சிக்கல், வாய்ச்சொல்லுக்கும் பத்திரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பிறப்பது. இடைவெளி இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆவணக்களரியில் விலைப்பொருள் முழுவதும் கைமாறும். அதே இடத்தில் ஓலை எழுதப்படும். இந்த ஓலையே விலையாவணம், இதுவே பணம் பெற்றதற்கான சான்று, இதற்கு வேறாக ஓர் ஓலை காட்டும்படி யாரும் கேட்கக் கூடாது என்று அந்த வாசகம் அடைத்துப் பூட்டிவிடும். பணமும் நிலமும் ஒரே அமர்வில் கை மாறியபின் மனம் மாறுவதற்கு அவகாசம் ஏது?

ஆனால் எல்லா விற்பனையும் ஒரே அமர்வில் முடிவதில்லை என்பதைத் தரும சாத்திர நூல்கள் அறிந்திருந்தன. வாங்கியபின்னோ விற்றபின்னோ வருந்துவதை அவை வழக்குகளின் பதினெட்டு வகைகளுள் ஒன்றாகவே எண்ணின. பத்து நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரலாம், திரும்பப் பெறலாம் என்பது மனு நூலின் விதி. நிலம் போல எளிதில் அழியாத பொருளுக்கே இது பொருந்தும் என்பது உரையாசிரியர்கள் கருத்து. அர்த்தசாத்திரம் ஆளுக்கேற்பக் கெடு வைக்கிறது: வணிகருக்கு ஓர் இரவு, உழவருக்கு மூன்று, மாடு மேய்ப்பவருக்கு ஐந்து. சந்தையின் நெளிவு சுளிவு யாருக்கு எவ்வளவு குறைவாகத் தெரியுமோ, அவருக்கு அவ்வளவு கூடுதலாக நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் இன்றைய சட்டங்கள் அனைத்துக்கும் அடியில் கிடக்கும் எண்ணமும் இதுதான்.

முன்பணத்தைப் பற்றி யாஞ்ஞவற்கியம் பேசுகிறது. உறுதிப்பொருள் வாங்கிக்கொண்டவர் பேச்சு தவறினால் அதை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். இந்த வரிக்கு விஞ்ஞானேசுவரர் மிதாட்சரத்தில் எழுதிய விளக்கம் நடைமுறையை அருகில் நின்று காட்டுகிறது. வாங்கவோ விற்கவோ பேசிய ஒருவர் மோதிரம் போன்ற ஒரு பொருளை அடுத்தவர் கையில் கொடுக்கிறார். கொடுத்தவரே பின்வாங்கினால் மோதிரம் போயிற்று. வாங்கியவர் பின்வாங்கினால் ஒன்றுக்கு இரண்டாகத் தர வேண்டும். சென்னை மாகாணத்தில் இந்துக்களின் குடும்பச் சொத்துச் சட்டத்துக்கு அடிப்படையாக நின்றதும் இதே மிதாட்சர மரபுதான்.

தமிழ்நாட்டு ஊர்களில் இதற்கு அச்சாரம் என்று பெயர். வெற்றிலை பாக்கு வைத்த தட்டில், பெரியவர்கள் நாலு பேர் முன்னிலையில், ஆயிரத்தொன்று, பத்தாயிரத்தொன்று என ஒற்றைப்படைத் தொகையாகக் கொடுப்பது வழக்கம். ஆடி மாதத்தில் பெரும்பாலும் அச்சாரம் கொடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமையையும் பலர் தவிர்ப்பார்கள். வாங்குபவர் விலகினால் அச்சாரம் போகும், விற்பவர் விலகினால் இரண்டு மடங்கு தருவார் என்பது யாரும் எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பின்வாங்குவது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டாலும் அதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை முன்கூட்டியே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. வழக்கு மன்றம் போகாமலே இரண்டு குடும்பங்களும் தத்தம் வழியில் போக முடிந்தது. இந்த ஏற்பாட்டின் அருமை, அது போனபிறகுதான் தெரிந்தது.

எல்லைக்கு அப்பால் இருந்த பிரெஞ்சுச் சட்டம் ஏறக்குறைய இதையே சொன்னது. 1804-இல் நெப்போலியன் காலத்தில் இயற்றப்பட்ட சிவில் சட்டத் தொகுப்பு 1819-இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் வந்தது. திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் இந்துக்களும் முஸ்லிம்களும் தங்கள் வழக்கப்படி நடந்துகொள்ளலாம். கொடுக்கல் வாங்கலுக்கோ அந்தத் தொகுப்புதான். பொருளும் விலையும் முடிவானால் விற்பனை வாக்குறுதியே விற்பனைக்குச் சமம் என்கிறது அதன் 1589-ஆம் பிரிவு. அடுத்த பிரிவு அதற்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறது: வாக்குறுதியோடு அச்சாரம் கைமாறியிருந்தால் இரு தரப்பில் யாரும் விலகிக்கொள்ளலாம், கொடுத்தவர் அதை இழப்பார், வாங்கியவர் இரட்டிப்பாகத் திருப்புவார். இந்த விதி ரோம் நாட்டுச் சட்டத்திலிருந்து, ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுத்த நூல்கள் வழியாகப் பிரான்சுக்குப் போனது. விஞ்ஞானேசுவரரும் ரோமச் சட்ட அறிஞரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். முத்தியால்பேட்டையில் நோத்தேர் என்ற பிரெஞ்சு முறைப் பத்திர அலுவலர் முன் உட்கார்ந்து வீடு பேசிய ஒரு தமிழருக்கு அந்த அந்நியச் சட்டத்தின் இந்தப் பகுதி புதிதாக இருந்திருக்காது.

கோட்டக்குப்பத்தில் தொடங்கும் ஆங்கிலச் சீமையில் நிலைமை வேறு. 1872 செப்டம்பர் 1-இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1877-இல் குறித்தவகை நிவாரணச் சட்டமும் 1882-இல் சொத்து மாற்றுச் சட்டமும் தொடர்ந்தன. அச்சாரத்தை ஒட்டியிருந்த எளிய கணக்கை இந்த மூன்றும் சேர்ந்து கலைத்துவிட்டன. சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி கிரய உடன்படிக்கை மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் தராது. பிரெஞ்சுச் சட்டம் வாக்குறுதியை விற்பனை என்கிறது. ஆங்கிலேயர் தந்த சட்டம் அதை வெறும் வாக்குறுதி என்கிறது. இதைக் கேட்டால் ஆங்கிலச் சீமையில் விலகுவதுதான் எளிது என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. நிலம், வீடு ஆகியவற்றுக்குப் பணம் ஈடாகாது என்ற அனுமானத்தின் பேரில், விற்பவர் மறுத்தாலும் நீதிமன்றம் அவரைக் கிரயம் எழுதிக் கொடுக்க வைக்கலாம் என்று நிவாரணச் சட்டம் சொன்னது. இரட்டிப்புப் பணத்தை நீட்டிவிட்டு ஒதுங்கும் வாசல் விற்பவருக்கு அடைபட்டது.

வாங்குபவர் பக்கமும் கணக்கு மாறியது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, மீறலுக்கு இவ்வளவு தொகை என்று எழுதி வைத்திருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். இதன் கூர்மையை 1963 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி பங்களா வழக்கில் பார்க்கலாம். 1949-இல் 1,12,500 ரூபாய்க்கு விலை பேசி, அச்சாரமாக 1,000 ரூபாயும் பிறகு விலையில் ஒரு பகுதியாக 24,000 ரூபாயும் கைமாறியிருந்தன. வாங்கியவர் தவறியதால் 25,000 ரூபாயும் தனக்கே என்றார் விற்றவர். அச்சாரமாகச் சொல்லிக் கொடுத்த 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம். 24,000 ரூபாயை அப்படிப் பறிமுதல் செய்ய முடியாது என்றது நீதிமன்றம். அச்சாரம் வேறு, விலையில் கொடுத்த பகுதி வேறு என்ற இந்தப் பிரிப்புதான் இன்று வரை இந்தியாவில் வீட்டு முன்பண வழக்குகளின் முதுகெலும்பு. 2012-இல் தீர்ந்த மற்றொரு டெல்லி வழக்கில், 70 லட்சம் ரூபாய் விலைக்குக் கொடுத்த 7 லட்சம் முழுவதும் அச்சாரம் என்று ஒப்பந்தமே தெளிவாகச் சொன்னதால், அது முழுவதையும் விற்றவர் வைத்துக்கொள்ள முடிந்தது. எழுதும்போது எந்தச் சொல் விழுகிறது என்பதே லட்சக்கணக்கான ரூபாயைத் தீர்மானிக்கிறது.

கெடுவைப் பற்றிய சண்டை தமிழ்நாட்டுக்கு மிகவும் பழகியது. மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978 டிசம்பரில் 60,000 ரூபாய் விலை பேசி, 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, ஆறு மாதக் கெடுவில் உடன்படிக்கை ஆனது. அதன்பின் இரண்டரை ஆண்டு அளவுக்கு வாங்க வேண்டியவர் வாய் திறக்கவில்லை. பிறகு கிரயம் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1997-இல்தான் முடிந்தது. நகரத்துச் சொத்து விலை ஏறிக்கொண்டே போகும்போது சிறு முன்பணத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவருக்குக் கிரயம் வாங்கித் தருவது நியாயமாகாது என்று நீதிமன்றம் மறுத்தது. ஊர் வழக்கப்படி கெடு முடிந்த மறுநாளே தீர்ந்திருக்க வேண்டிய பேச்சு இது. வழக்கு மன்றத்தில் ஏறக்குறைய 16 ஆண்டுகள் எடுத்தது. சென்னைப் புறநகர் நிலம் ஒன்றைப் பற்றிய 2011 தீர்ப்பில், நிலத்தைப் பொறுத்தவரை கெடு அவ்வளவு முக்கியமில்லை என்ற பழைய கருத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் முடிவுக்கு வந்தது. இந்தியச் சட்டங்கள் படிப்படியாகப் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. 1968-இன் நீட்டிப்புச் சட்டம் அவற்றில் பெரும் தொகுதியைக் கொண்டுவந்தது. முத்தியால்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவே இருந்த சட்டக் கோடு அத்துடன் அழிந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 28-இல், பெரிய முதலியார்சாவடிக்கு மேற்கே செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவிலுக்குத் திரும்பும் முனை என்பதால் ஊரின் மனைகளுக்கு வெளியூர்க் கண்கள் திரும்பின. மீன்பிடியும் தோப்பும் பார்த்துவந்த கரையில் விடுமுறை வீடுகளும் வாடகை அறைகளும் எழுந்தன.

பழைய வீட்டுக்குப் பேசுவதற்கும் புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு, வாய்ச்சொல்லுக்கும் பத்திரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியின் நீளம்தான். பழைய வீடு கண்முன் நிற்கிறது. மூன்று மாதக் கெடுவில் பத்திரம் முடிந்துவிடும். புதிய வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போது அங்கே இருப்பது மணலும் வரைபடமும். இரண்டு மூன்று ஆண்டுகளில் வேலை போகலாம், வங்கிக் கடன் மறுக்கப்படலாம், கட்டுபவர் காணாமல் போகலாம். அடுக்குமாடிகளில் தமிழ்நாட்டு வழக்கம் இதை இன்னும் சிக்கலாக்கியது. முதலில் மனையில் பிரிபடாத பாகத்தைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போட்டுவந்தார்கள். முத்திரைத் தீர்வை மிச்சமானது, விலகுவதோ பெரும்பாடாக இருந்தது. மனைப் பாகம் பதிவாகிவிட்டதால் வீடு வேண்டாம் என்று கடிதம் எழுதினால் மட்டும் போதாது. பதிவான கிரயத்தை ஒரு தரப்பு மட்டும் ரத்து செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-இல் தீர்ப்பளித்துவிட்டது. இரு தரப்பும் சார்பதிவாளர் முன் வர வேண்டும். 2023 டிசம்பர் முதல் மனைப் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதியும் முறையைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

கட்டுநர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவருக்குப் பேரம் பேசும் இடம் கிடையாது என்பதை நீதிமன்றங்கள் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டன. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஒரு சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகே நுகர்வோர் மன்றக் கதவு திறந்தது. 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மூன்று முக்கியமான காரியங்களைச் செய்தது. பதிவு செய்த உடன்படிக்கை இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் வாங்குபவர் விலகி, கட்டிய பணம் முழுவதையும் வட்டியுடன் கேட்கலாம்; இந்த உரிமைக்கு நிபந்தனை கிடையாது என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கட்டுநரும் நினைத்த மாத்திரத்தில் ஒதுக்கீட்டை ரத்து செய்ய முடியாது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. புதுச்சேரிக்குத் தனி ஆணையம். ஆக, இந்தக் கரையில் அழிந்துபோன கோடு சிறிய அளவில் மறுபடியும் விழுந்திருக்கிறது: காலாப்பட்டு அடுக்குமாடிக்கு ஓர் ஆணையம், பெரிய முதலியார்சாவடி அடுக்குமாடிக்கு வேறு ஆணையம்.

கட்டுநர் மேல் தவறே இல்லாமல் வாங்குபவர் தாமாக மனம் மாறினால் என்ன என்ற கேள்விக்கு 2025 பிப்ரவரியில் ஒரு தெளிவு பிறந்தது. குருகிராமில் சுமார் 1 கோடியே 70 லட்சம் ரூபாய் அடிப்படை விலையுள்ள ஒரு வீட்டுக்கு 51 லட்சத்துக்கும் மேல் கட்டியவர்கள், சந்தை விலை சரிந்ததால் விலகினார்கள். 20 விழுக்காட்டைப் பறிமுதல் செய்ய ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. அந்த ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது என்று கூறிய உச்ச நீதிமன்றம், 10 விழுக்காடு மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஆணையை ஏற்றது. வட்டியை மட்டும் நீக்கியது. அச்சாரம் போனால் போகட்டும் என்று எழுந்துவர முடிந்த பழைய காலத்துக்கு இது ஓரளவு நெருங்கி வருகிறது, ஆனால் வழக்காடிப் பெற வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் புதிய தனியார் வீட்டுக்கு முன்பதிவு செய்தவர், விற்பனை ஒப்பந்தத்தில் மூன்று வாரத்துக்குள் கையெழுத்திடாமல் விலகினால் முன்பதிவுத் தொகையில் கால் பங்கு மட்டுமே இழப்பார். பிரான்சில் வீடு வாங்குபவருக்குக் கையெழுத்திட்டபின் பத்து நாள் மனமாற்ற அவகாசம் 2015 முதல் இருக்கிறது. மனு நூலில் இருந்த அதே பத்து நாள், இந்தியச் சட்டத்தில் இன்னும் இல்லை.

முதலியார்சாவடிக் கரைக்கே உரிய விலகல் காரணங்களும் உண்டு. 1991-இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே உள்ள மனைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தியது. சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் சொல்லியே தீர வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. உரிய அனுமதி இல்லாத கட்டடத்தை மறைத்து விற்கப் பேசினால், வாங்குபவர் முன்பணத்தோடு வெளியேறலாம். அந்தப் பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே பொறுப்புரிமையும் அவருக்கு உண்டு. கடலரிப்போ கண்ணுக்குத் தெரிவது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் வடக்கு நோக்கிய மணல் ஓட்டம் தடைப்பட்டு, கோட்டக்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரை கரை தேய்ந்தது. கடலோரக் குப்பங்களில் வீடுகள் இடிந்து விழுந்தன. அதைக் காரணம் காட்டிப் பின்னால் விலகுவது எளிதல்ல. ஆனால் பத்திரம் முடியும் முன்னே கடல் சுவரைக் கொண்டுபோனால் அந்த இழப்பு விற்பவருடையது.

பேச்சுக்கும் பத்திரத்துக்கும் நடுவே நீதிமன்றமே குறுக்கிட்டதும் உண்டு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வரும்வரை, அப்படிப்பட்ட மனைகளுக்கு முன்பணம் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் கெடு தாண்டியும் பத்திரம் முடிக்க முடியாமல் நின்றார்கள். யார் தவறியது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போனது.

இன்றும் இந்தக் கரையில் கணிசமான வீடுகள் எந்த ஆணையத்தின் கண்ணிலும் படாமல் விற்கப்படுகின்றன. மனை 500 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 12 சென்ட்டுக்குள் இருந்தாலோ, எட்டு வீடுகளுக்கு மேல் இல்லாவிட்டாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிய வேண்டியதில்லை. பத்து சென்ட் வாங்கி மூன்று வீடு கட்டி விற்கும் உள்ளூர்க் கட்டுநருக்கும் அவரிடம் வாங்குபவருக்கும் நடுவே இருப்பது பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து தரும் நான்கைந்து பக்கங்கள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையைக் கட்டாயம் பதிய வேண்டும். ஆனாலும் பலர் வெறும் முத்திரைத்தாளோடு நிறுத்திவிடுகிறார்கள். பதியாத உடன்படிக்கையையும் கிரயம் கேட்கும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், பதியவில்லை என்ற காரணம் காட்டித் தப்பவும் முடியாது. நிவாரணச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப்பின் கிரயம் எழுதிக் கொடுக்க வைப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்ற நிலையும் மாறிவிட்டது.

பத்திர எழுத்தர் தரும் அந்தப் பக்கங்களின் கடைசிப் பகுதியில் பழைய அச்சார வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது பார்ட்டி கெடுவுக்குள் மீதித் தொகையைச் செலுத்தத் தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டியது, முதல் பார்ட்டி தவறினால் இரட்டிப்பாகத் தர வேண்டியது என்ற பொருளில் ஒரு பத்தி வரும். அது பேசுபவர்களின் மனதில் இருப்பதைத்தான் எழுதுகிறது. ஆனால் இன்றைய நிவாரணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. குறித்த தொகை பேச்சை நிறைவேற்ற வைப்பதற்கான அழுத்தம் மட்டும் என்றால், தொகை எழுதியிருந்தும் கிரயம் கேட்கலாம். அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் உரிமைக்காகவே எழுதப்பட்டது என்றால் கேட்க முடியாது. பழைய வழக்கத்தின்படி விலக விரும்புகிறவர்கள் அதைத் தனி வரியாகவே எழுதிக்கொள்ள வேண்டும்: இன்ன தொகையைக் கொடுத்து இரு தரப்பில் எவரும் விலகிக்கொள்ளலாம், அதற்குமேல் கிரயமோ இழப்பீடோ கேட்கக் கூடாது என்று. வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற வரியையும் அதன்கீழ் சேர்த்துக்கொள்ளலாம்.